மலையில் இன்சுலின் தொடங்குபவர்களுக்கு: சிரிஞ்ச் முதல் உறைபனி வரை முழுமையான வழிகாட்டி

மாத்திரையை இரண்டு வகை, மூன்று வகை என்று கூட்டியும் வெறும் வயிற்றுச் சுகர் 200-க்குக் கீழே வரவில்லை. மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி 10-ஐத் தாண்டி நிற்கிறது. உடம்பு தானாக இளைக்கிறது, இரவில் நான்கைந்து முறை சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் டாக்டர் இன்சுலின் எழுதினால் தள்ளிப்போடாதீர்கள்.

‘ஊசிக்குப் போனால் அதுதான் கடைசி’, ‘ஊசி போட்டுத்தான் அவருக்குக் கிட்னி போனது’ என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கிட்னியைக் கெடுத்தது அதற்கு முன் பல வருடம் ஏறியே இருந்த சர்க்கரை. ஊசி தாமதமாக வந்தது, பழி அதன் மேல் விழுந்தது. டைப் 2 நீரிழிவு கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஏறக்குறைய பாதி வேலைத்திறனை இழந்திருக்கும் என்று பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு காட்டியது. மீதியும் வருடா வருடம் குறையும். மாத்திரைகளில் பல கணையத்தை விரட்டி வேலை வாங்குபவை. விரட்டினாலும் சுரக்க ஆளில்லாத கட்டத்தில் வெளியிலிருந்து கொடுப்பதைத் தவிர வழி கிடையாது. உயர் சர்க்கரையே அந்தச் செல்களை மேலும் மந்தமாக்குவதால், சில மாதம் இன்சுலின் போட்டுச் சர்க்கரை இறங்கியபின் சிலர் மறுபடி மாத்திரைக்கே திரும்புவதும் உண்டு.

‘இன்சுலின் போட்டும் குறையவில்லை’ என்ற புகாரில் பல நேரம் குறை மருந்தில் இருக்காது. சிரிஞ்சில் இருக்கும், குத்தும் இடத்தில் இருக்கும், பாட்டில் வைத்த இடத்தில் இருக்கும். நீலகிரியின் குளிரும் சரிவும் இதில் தனிச் சிக்கல்களைச் சேர்க்கின்றன. அளவைக் கூட்டும் முன் கையாளும் முறையைச் சரிபாருங்கள் என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

மருந்து வாங்கும்போதே பார்க்க வேண்டியது

உங்களுக்கு எழுதியிருப்பது எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதிகம் கிடைப்பது 30/70 கலவை. அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும், 70 பங்கு மெதுவாக வேலை செய்யும். பார்க்கப் பால்போலக் கலங்கி இருக்கும். காலை, இரவு என இரு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டும். கிளார்ஜின், டெக்ளுடெக் போன்ற நீண்ட நேர இன்சுலின் தெளிவாக இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு முறை, சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்றவை சாப்பிட உட்காரும்போது போடுபவை, அவையும் தெளிவாகவே இருக்கும். தெளிவான இரண்டு மருந்து வீட்டில் இருந்தால் ஒன்றின் மேல் கலர் டேப் ஒட்டிவிடுங்கள். இரவு நேர 20 யூனிட் கிளார்ஜினுக்குப் பதில் 20 யூனிட் வேக இன்சுலின் போய்விட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும்.

அடுத்தது சிரிஞ்ச். இதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது, நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் 10 மி.லி. பாட்டில்கள் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட் வீரியம் கொண்டவை. பேனா வடிவ ஊசிக் கருவியான பென்னில் போடும் 3 மி.லி. குப்பிகளும், சில கிளார்ஜின் பாட்டில்களும் மி.லி.க்கு 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியது ஆரஞ்சு. 40 வீரிய மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாதக்கணக்கில் இப்படிப் போட்டுவிட்டு ‘எனக்கு ஊசியும் கேட்கவில்லை’ என்று வருந்துவோர் உண்டு. தலைகீழாக நடந்தால் உயிருக்கே ஆபத்து: 100 வீரிய மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அதனால் பென் குப்பியிலிருந்து சிரிஞ்சில் மருந்து இழுக்கவே கூடாது. கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது கையில் பாட்டிலைக் கொண்டுபோய், லேபிளில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் நீங்களே ஒத்துப் பாருங்கள்.

ஊசி போடும் முறை

பாட்டிலும் சிரிஞ்சும் பயன்படுத்துவோருக்கு வரிசை இது:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்தால் அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்ற மருந்து எரியும்.
2. கலங்கிய இன்சுலின் என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை தலைகீழாக மெதுவாகச் சாயுங்கள். குலுக்காதீர்கள், நுரை வரும். அடியில் வெள்ளைப் படிவு ஒட்டிக்கொண்டே இருந்தாலோ, கண்ணாடியில் பனித்துகள்போலத் தெரிந்தாலோ அந்தப் பாட்டில் வேண்டாம்.
3. போட வேண்டிய யூனிட் அளவுக்குச் சிரிஞ்சில் காற்றை இழுத்துப் பாட்டிலுக்குள் செலுத்துங்கள். பிறகு பாட்டிலைக் கவிழ்த்து, மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலேற்றி, திரும்ப உள்ளே தள்ளி, அளவைச் சரிசெய்யுங்கள்.
4. தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து, நேராகக் குத்துங்கள். மிக ஒல்லியானவர்களும், 8 மி.மீ. ஊசி வைத்திருப்பவர்களும் 45 டிகிரி சாய்த்துக் குத்தலாம்.
5. மருந்தை மெதுவாகச் செலுத்தி, சில விநாடி பொறுத்து ஊசியை எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

பென் என்றால் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட் திருப்பி மேல் நோக்கி அழுத்திப் பாருங்கள். நுனியில் சொட்டு வந்தால்தான் மருந்து வருகிறது என்று அர்த்தம். 4 மி.மீ. ஊசிக்குப் பெரியவர்கள் தோலைத் தூக்க வேண்டியதில்லை. அழுத்தி முடித்தபின் பத்து எண்ணும்வரை ஊசி உள்ளேயே இருக்கட்டும். உடனே எடுத்தால் கடைசிச் சில யூனிட் தோல் மேல் வழிந்துவிடும். போட்டு முடிந்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். இரவில் 8 டிகிரியும் பகலில் 22 டிகிரியும் அடிக்கும் ஊரில், ஊசியோடு விட்ட பென்னுக்குள் குளிரில் காற்று ஏறும், சூட்டில் மருந்து கசியும்.

குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர் மேலேயே, பனியன் மேலேயே குத்துவது இங்கே சாதாரணம். ஊசி எவ்வளவு ஆழம் போனது, மருந்து துணியில் இறங்கியதா என்று தெரியாது. துணியை விலக்கிப் போடுங்கள்.

எங்கே போடுவது

வயிறு முதல் தேர்வு. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, எங்கும் போடலாம். தொடையின் வெளிப்பக்கம், பிட்டத்தின் மேற்பகுதி, கையின் பின்புறச் சதை ஆகியவையும் ஆகும். சரிவில் ஏறி இறங்கப் போகிற நாளில் தொடையில் போடாதீர்கள். நடை மருந்தை வேகமாக உறிஞ்ச வைத்துச் சர்க்கரையைத் திடீரென இறக்கும். போட்ட இடத்தில் உடனே வெந்நீர் ஊற்றுவதும், வெந்நீர்ப் பை வைப்பதும் அப்படித்தான்.

ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே வலி மரத்துப்போகும், அதனால் கை தானாக அந்த இடத்துக்கே போகும். சில மாதத்தில் தோலுக்கடியில் மெத்தென்ற கொழுப்புத் திரட்சி வரும். அந்த மேட்டில் போட்ட இன்சுலின் ஒரு நாள் உறிஞ்சப்படாது, இன்னொரு நாள் மொத்தமாக இறங்கும். குளித்து முடித்துச் சோப்புக் கையோடு வயிற்றைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கட்டியும் விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தைச் சில மாதம் விட்டுவிட வேண்டும். நல்ல இடத்துக்கு மாறும் நாளில் அதே அளவு போட்டால் சர்க்கரை அதிகம் இறங்கக்கூடும். மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாகம், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

குளிரில் மருந்தை வைப்பது

திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தபின் 25 முதல் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் வீட்டுக்குள் அந்தச் சூடு அபூர்வம் என்பதால், பயன்பாட்டில் உள்ள பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. அடுப்பு, ஹீட்டர், வெயில் படும் ஜன்னல் இவற்றிலிருந்து தள்ளி ஓர் அலமாரியில் வைத்தால் போதும். திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள்.

சமவெளிக்காரர்கள் வெயிலுக்குப் பயப்படுவார்கள். இங்கே பயம் உறைவதற்கு. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்க ஒழுங்காகவே தெரியலாம், வேலை செய்யாது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் வெளுத்து உறைபனி விழும் இரவுகளில் காருக்குள்ளோ, தகரச் சார்ப்பிலோ மருந்துப் பையை விட்டுவிடாதீர்கள். ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசருக்கு நேர் கீழுள்ள தட்டு, பின்சுவரை ஒட்டிய இடம் இரண்டும் ஆகாது. கதவின் நடுத் தட்டில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். சந்தேகம் வந்த பாட்டிலைத் தூக்கிப் போடுவதே மலிவு.

மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்கும்போது நிலைமை மாறும். ஏப்ரல், மே மாதத்தில் பஸ் முன்கண்ணாடி அருகேயும், காரின் டாஷ்போர்டிலும் வைத்த மருந்து கெட்டுவிடும். ஈரத் துணி சுற்றிய டப்பாவில் கைப்பையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டி பாட்டிலில் நேராகப் படக் கூடாது.

மழைக்காலத்துக்கு இரண்டு வார மருந்து கூடுதலாக இருக்கட்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் மலைச் சாலைகள் அறுந்து கிடந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 40 வீரிய 10 மி.லி. பாட்டிலில் 400 யூனிட் இருக்கும். நாளுக்கு 30 யூனிட் போடுபவருக்கு 13 நாள் வரும். கணக்குப் போட்டு முன்பே வாங்குங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வருகிற ஊர் என்றால் இதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

சுகர் பார்ப்பது

காலைக் குளிரில் விரல் வெளிறி, குத்தினால் ரத்தம் வராது. பிதுக்கிப் பிதுக்கி எடுத்த சொட்டில் அளவு தவறும். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். பிளம்ஸ், பீச் நறுக்கிய கையோடு பார்த்தால் 140 இருப்பவருக்கு 250 காட்டும்.

பெரும்பாலான மெஷின்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, பிழைக் குறி காட்டும். சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி உடனுக்குடன் இறுக மூடப்பட வேண்டும். மூடுபனி ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியால் அளக்கும் ஸ்ட்ரிப்புகள் ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் கூடுதலாகக் காட்டக்கூடும். ஊட்டி 2,240 மீட்டர். உங்கள் மெஷின் எவ்வளவு உயரம் வரை ஆகும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். வருடத்துக்கு இரு முறை ஆய்வகப் பரிசோதனையோடு ஒத்துப் பார்ப்பதும் நல்லது.

ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகாதவர்கள் தினமும் வெறும் வயிற்றில் ஒன்று, அதோடு சுழற்சியாக ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஒரு நாள் படுக்கும் முன் என்று பார்க்கலாம். அளவு மாற்றும் வாரங்களில் ஒரு நாளாவது அதிகாலை 3 மணிக்குப் பாருங்கள். எண்ணோடு, போட்ட யூனிட், சாப்பிட்டது, வேலை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். வெறும் எண்கள் மட்டும் உள்ள நோட்டை வைத்து டாக்டரால் அதிகம் செய்ய முடியாது.

அளவைக் கூட்டுவது

இரவில் போடும் நீண்ட நேர இன்சுலினைப் பொதுவாக 10 யூனிட்டில், அல்லது எடைக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் கணக்கில் தொடங்குவார்கள். வெறும் வயிற்று எண் 80 முதல் 130-க்குள் வரும்வரை மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டுவது வழக்கமான முறை. 70-க்குக் கீழே போனால் 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும். வயதானவர்கள், கிட்னி பழுதுள்ளவர்களுக்கு இலக்கே வேறு. உங்கள் டாக்டர் எழுதித் தந்த படிக்கட்டு எதுவோ அதுதான் உங்களுக்கு. 250-லிருந்து 130-க்கு வர இரண்டு மாதம் ஆகலாம். அது தோல்வி ஆகாது, அப்படித்தான் இறங்க வேண்டும்.

எண் நகரவில்லை என்றால் கூட்டும் முன் பாருங்கள்: சிரிஞ்சும் பாட்டிலும் பொருந்துகிறதா, கட்டியில் போடுகிறீர்களா, பாட்டில் திறந்து நான்கு வாரம் தாண்டியதா, கலக்காமல் போடுகிறீர்களா, 30/70-ஐப் போட்ட கையோடு சாப்பிடுகிறீர்களா, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா, பல்லிலோ சிறுநீரிலோ சளியிலோ நோய்த்தொற்று இருக்கிறதா. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளியைக் காசநோய்க்குச் சோதிக்கச் சொல்லுங்கள். இரவு இன்சுலின் கிலோவுக்கு 0.5 யூனிட்டைத் தாண்டியும் எச்பிஏ1சி இறங்கவில்லை என்றால், இன்னும் அதையே கூட்டுவதில் பயனில்லை. சாப்பாட்டு நேர இன்சுலினோ வேறு மருந்தோ சேர்க்க வேண்டும் என்று டாக்டரிடம் பேசுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கணையத்தை விரட்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளைக் குறைக்க வேண்டுமா என்று அவசியம் கேளுங்கள்.

சுகர் இறங்கினால்

70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும், எரிச்சல் வரும், பேச்சு குழறும். மலையில் ஒரு பொல்லாத சிக்கல்: நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துவிடுவார்கள். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. குளிரில் நடுங்குகிறவருக்கு வேர்க்காது. குல்லாவைக் கழற்றி நெற்றியையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரமாக இருந்தால் சுகர் இறங்கியிருக்கிறது. மெஷின் கையில் இல்லாவிட்டாலும் இனிப்பைக் கொடுத்துவிடுங்கள். உடன் இருக்கும் குடும்பத்தார் அத்தனை பேரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. தாண்டியபின் இரண்டு இட்லியோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிடுங்கள். வர்க்கியும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அவற்றின் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளோ, கல்லட்டியின் 36 வளைவுகளோ, வண்டியை எடுக்கும் முன் சுகர் 100-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தோட்ட வேலையும் சாப்பாடும்

காலையில் போட்ட 30/70 மதியம் வரை இழுக்கும். கொழுந்து நிறுவையில் வரிசை நீண்டு, ஒரு மணிச் சாப்பாடு இரண்டரைக்குப் போகும் நாளில் சுகர் இறங்குவது இதனால்தான். பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழமோ, ஒரு கை சுண்டலோ கட்டாயம். மடியில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். மேஸ்திரியிடமும் பக்கத்து நிரைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை எண் ஏறுவது இயல்பு. வேலை நாளுக்கு ஒன்று, ஓய்வு நாளுக்கு ஒன்று என்று இரண்டு அளவு எழுதித் தர டாக்டரைக் கேட்கலாம்.

ராகிக் களி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது தவறு. அதுவும் மாவுச்சத்து, ஓர் உருண்டைக்கு அவரை, பீன்ஸ், கீரை கூடுதலாக இருந்தால் நல்லது. உருளைக்கிழங்கு வைத்த நாளில் சோற்றைக் குறையுங்கள். குளிருக்கு ஆறு டம்ளர் டீ, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 12 ஸ்பூன் ஆகிறது. எந்த இன்சுலினும் அதை ஈடுகட்டாது.

கால் மரத்திருப்பவர்கள் கணப்பிலும் ஹீட்டரிலும் பாதத்தைக் காட்டாதீர்கள், வெந்துபோவது தெரியாது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தே காலை விடுங்கள். அட்டை கடித்த இடத்தையும் கழுவி, ஆறும்வரை தினமும் பாருங்கள்.

காய்ச்சல், வாந்தி வந்தால்

சாப்பிடவில்லை என்று இன்சுலினை முழுதாக நிறுத்தாதீர்கள். நோயில் சர்க்கரை ஏறும். நீண்ட நேர இன்சுலின் தொடர வேண்டும், சாப்பாட்டு நேர இன்சுலினையும் 30/70-ஐயும் எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரையை வாந்தி நிற்கும்வரை நிறுத்துங்கள். சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகும் ஆபத்து அதில் உண்டு. நிற்காத வாந்தி, வேகமான மூச்சு, வயிற்றுவலி, 300-க்கு மேல் இறங்காத எண், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பயன்படுத்திய ஊசி

கனமான பழைய ஷாம்பு பாட்டிலிலோ மூடியுள்ள தகர டப்பாவிலோ போட்டு, முக்கால் நிறைந்ததும் மூடி, சுகாதார நிலையத்தில் கொடுங்கள். தேயிலைச் செடிகளுக்குள் வீசினால் கொழுந்து பறிக்கும் பெண்களின் கையில் குத்தும். ஒருவர் ஊசியையோ பென்னையோ இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது, கணவன் மனைவி ஆனாலும்.

முதல் மூன்று மாதம்

சர்க்கரை இறங்கும் வாரங்களில் பார்வை மங்கும். கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறுவதால் வருவது, சில வாரத்தில் சரியாகும்; அவசரப்பட்டுக் கண்ணாடி மாற்றாதீர்கள். ஆனால் இன்சுலின் தொடங்கும்போதே விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள்; பழைய விழித்திரைப் பாதிப்பு வேகமான இறக்கத்தில் தற்காலிகமாகக் கூடலாம். எடை இரண்டு மூன்று கிலோ ஏறக்கூடும், சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்த சத்து உடம்பில் தங்குவதும் அதற்கு ஒரு காரணம்.

மூன்றாம் மாதம் எச்பிஏ1சி எடுப்பார்கள். கூடலூர், பந்தலூர்ப் பழங்குடி மக்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. சிவப்பணுக்களின் வடிவத்தைக் கெடுக்கும் பரம்பரைக் குறையான அரிவாள் செல் கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே பதிவானது. அரிவாள் செல் நோய் இருந்தால் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கடுமையான ரத்தசோகையிலும் அந்த எண் நம்பத் தக்கதாக இராது. அப்படிப்பட்டவர்களுக்கு நோட்டில் எழுதிய தினசரி எண்களையும் கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையையும் வைத்தே அளவை முடிவுசெய்யச் சொல்லுங்கள்.